குட்டிகளின் தீவனத்தில் தாவரச் சேர்க்கை: எதை எடுப்பது, எதை விடுவது?

பன்றிப் பண்ணைகளுக்கு விற்பனையாகும் தாவரச் சேர்க்கை எதை எடுத்தாலும் பையின் முன்புறத்தில் ஏறக்குறைய ஒரே வாக்குறுதிதான்: நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும். ஆரிகனோ எண்ணெயும் அப்படித்தான் சொல்கிறது, மரப்பட்டையின் துவர்ப்புப் பொருளான டானினும் அப்படித்தான், பூண்டுப் பொடியும் அப்படித்தான். ஆனால் இந்த மூன்றும் வேலை செய்யும் விதம் வேறு, குடலில் வேலை செய்யும் இடம் வேறு. ஒன்று தேவைப்படும் இடத்தில் இன்னொன்றை வாங்கிப் போட்டால் காசும் போகும், கழிச்சலும் நிற்காது. அதனால் பையில் எழுதியிருப்பதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, குட்டியின் உடம்பில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம்.

எதிர்ப்பு சக்தி எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்று தோன்றும். வளர்ப்புக் கணக்கில் அது சரியாக வராது. எதிர்ப்பு மண்டலம் விழித்துக்கொண்டால் குட்டிக்குக் காய்ச்சல் வரும், தீவனம் எடுப்பது குறையும், தசையில் இருக்கும் புரதம் கரையும். அப்படிக் கரைந்த அமினோ அமிலங்களைக் கொண்டு கல்லீரல் ஹாப்டோகுளோபின் போன்ற அழற்சிக் காலப் புரதங்களைத் தயாரிக்கும். குடல் சளியை உற்பத்தி செய்ய திரியோனின் என்ற அமினோ அமிலம் நிறையச் செலவாகும். சதைப்பிடிப்புக்குப் போகவேண்டியதெல்லாம் சண்டைக்குப் போய்விடும். கிருமி வந்தால் சட்டென்று எழுந்து, வேலை முடிந்ததும் அடங்கிவிடும் எதிர்ப்பு மண்டலம்தான் பண்ணைக்கு லாபம். எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால் தீவனம் உள்ளே போகும், எடை ஏறாது. தாவரச் சேர்க்கைகளில் நல்ல ஆதாரம் உள்ளவை பெரும்பாலும் இந்த எரிச்சலைத் தணிப்பவை, அல்லது எரிச்சலுக்குக் காரணமான கிருமியைக் குடல் சுவரிலேயே தடுப்பவை. 'தூண்டிவிடும்' வகை குறைவு, அதற்கான ஆதாரமும் பலவீனம்.

பால் பிரிக்கும் வாரம்

பன்றியின் நச்சுக்கொடி வழியாகத் தாயின் எதிர்ப்பொருள்கள் குட்டிக்குப் போவதில்லை. பிறக்கும்போது குட்டியின் ரத்தத்தில் அவை கிட்டத்தட்ட கிடையாது. எல்லாம் சீம்பாலில்தான் வரவேண்டும். முதல் 24 மணி நேரத்தில் ஒரு குட்டி 200 முதல் 250 கிராம் சீம்பாலாவது குடிக்கவேண்டும். பிறந்து 24 முதல் 36 மணி நேரத்துக்குள் குடல் சுவர் மூடிக்கொள்ளும், அதன்பின் எவ்வளவு குடித்தாலும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் சேராது.

இப்படிக் கடனாக வந்த பாதுகாப்பு நாளுக்கு நாள் குறையும். குட்டியின் சொந்த எதிர்ப்பு மண்டலம் மெதுவாகத்தான் தயாராகும். மூன்றாவது, நான்காவது வாரத்தில் இரண்டுமே போதாத ஒரு பள்ளம் விழுகிறது. சரியாக அந்த வாரத்தில்தான் நாம் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கிறோம். பாலில் வந்துகொண்டிருந்த ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் ஒரே நாளில் நின்றுபோகிறது. புது இடம், புதுக் குட்டிகளோடு சண்டை, காய்ந்த தீவனம். முதல் ஒன்றிரண்டு நாள் பல குட்டிகள் வாயே வைப்பதில்லை. குடலுக்குள் விரல் விரலாக நிற்கும் உறிஞ்சிகள் சுருங்கிவிடுகின்றன. செல்களுக்கு இடையிலான இறுக்கமான இணைப்புகள் தளர்ந்து, உள்ளே போகக்கூடாதது உள்ளே கசிகிறது. இரைப்பையில் அமிலம் போதாததால் புரதம் அரைகுறையாகச் செரித்துப் பெருங்குடலுக்குப் போய் அங்கே புளிக்கிறது. எஃப்4, எஃப்18 என்ற ஒட்டும் இழைகளைக் கொண்ட ஈ-கோலை கிருமிகளுக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

முன்பெல்லாம் இந்த வாரத்தை ஆன்டிபயாடிக் கொண்டு கடந்தார்கள். வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஸ்வீடன் 1986-லேயே நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரியில் நிறுத்தியது, சீனா 2020-ல். டென்மார்க் குட்டித் தீவனத்தில் நிறுத்தியபோது பிரித்த குட்டிகளுக்குக் கழிச்சல் கூடியது, சிகிச்சைக்காகக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் கொஞ்ச காலம் உயர்ந்தது. அப்புறம் துத்தநாக ஆக்சைடு கைகொடுத்தது. கிலோ தீவனத்துக்கு 2,500 மில்லிகிராம் துத்தநாகம் சேரும் அளவில் இரண்டு வாரம் போட்டால் கழிச்சல் நன்றாகவே கட்டுப்படும். ஆனால் துத்தநாகம் சாணத்தோடு வெளியேறி மண்ணில் சேர்கிறது, மருந்துக்கு மசியாத கிருமிகளையும் வளர்த்துவிடுகிறது. அதனால் ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனோடு அந்த அளவையும் தடை செய்தது. தாவரச் சேர்க்கைகளின் சந்தை இப்படிப் பெருத்ததற்கு இந்தத் தடைகள் முக்கியக் காரணம். ஒரே பொருளால் ஆன்டிபயாடிக், துத்தநாகம் இரண்டின் இடத்தையும் நிரப்பமுடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாசனை எண்ணெய்கள்

ஆரிகனோவில் கார்வக்ரால், தைமிலும் ஓமத்திலும் தைமால், லவங்கப்பட்டையில் சின்னமால்டிஹைடு, கிராம்பில் யூஜினால். கடைகளில் அதிகம் கிடைப்பதும், அதிகம் சோதிக்கப்பட்டதும் இந்தக் குடும்பம்தான்.

ஆய்வகத் தட்டில் இவை ஈ-கோலையைக் கொல்வதைப் படம் போட்டுக் காட்டுவார்கள். அந்தப் படத்தை நம்பி வாங்கக்கூடாது. கொழுப்பில் கரையும் பொருள்கள் இவை. தீவனத்தில் உள்ள கொழுப்பும் புரதமும் இவற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தட்டில் கிருமியைக் கொன்ற அடர்த்தி குடலில் கிடைக்கவேண்டுமென்றால் தீவனத்தில் ஏகமாகப் போடவேண்டும், அவ்வளவு காரமான தீவனத்தைக் குட்டி முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். இன்னொரு சிக்கலும் உண்டு. பூச்சு இல்லாத கார்வக்ராலும் தைமாலும் இரைப்பையிலும் சிறுகுடலின் தொடக்கத்திலுமே ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சப்பட்டுவிடுகின்றன. கழிச்சல் கிருமி குடியிருப்பதோ அதைத் தாண்டி. எண்ணெய்களில் போகவேண்டும் என்றால் கொழுப்புப் பூச்சு போட்ட, குடலின் பின்பகுதி வரை தாங்கும் வகையைத்தான் எடுக்கவேண்டும். சும்மா மாவில் தெளித்து உலர்த்தியது வாசனைக்கு உதவும், அவ்வளவுதான்.

பூச்சு இருந்தால் இன்னொரு லாபம், சூடு. தீவனத்தைச் சிறு குச்சிகளாக (பெல்லட்) அழுத்துமுன் மாவை 70 முதல் 90 டிகிரி வரை நீராவியில் வேகவைக்கிறார்கள். எண்ணெய் ஆவியாகிப் பறக்க அது போதும். ஆலைக்குள் நுழைந்தாலே மூக்கைத் துளைக்கும் வாசனை வந்தால், நாம் காசு கொடுத்து வாங்கியதுதான் காற்றில் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

செடியைப் பொறுத்தும் சரக்கு மாறும். ஒரே ஆரிகனோ, எந்த மண்ணில் விளைந்தது, பூக்கும் முன் அறுத்ததா பின் அறுத்ததா என்பதைப் பொறுத்து கார்வக்ரால் அளவு ஏறி இறங்கும். பையில் 'ஆரிகனோ எண்ணெய்' என்று மட்டும் இருந்தால் போதாது. கார்வக்ரால், தைமால் சதவீதம், அதுவும் ஒவ்வொரு லாட்டுக்கும், எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். கொடுக்க மறுப்பவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

மிளகாய், மஞ்சள், பூண்டுச் சாறுகள்

இவற்றையும் வாசனை எண்ணெய்களோடு சேர்த்துத்தான் எல்லாரும் பட்டியலிடுகிறார்கள். எனக்கு இது தனி வகையாகவே படுகிறது. எதிர்ப்பு மண்டலம் என்ற கேள்வியை நேரடியாக எடுத்துச் சோதித்தவை இவைதான். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், பிரித்த குட்டிகளுக்குக் கிலோ தீவனத்துக்கு வெறும் 10 மில்லிகிராம் அளவில் மிளகாய் ஓலியோரெசின் (எண்ணெயும் பிசினும் கலந்த சாறு), மஞ்சள் ஓலியோரெசின், பூண்டுச் சாறு ஆகியவற்றைத் தனித்தனியாகக் கொடுத்து, அப்புறம் ஈ-கோலையைக் கொடுத்துப் பார்த்தார்கள். சேர்க்கை பெற்ற குட்டிகளுக்குக் கழிச்சல் குறைந்தது, குடல் சுவரில் அழற்சியும் குறைந்தது. இன்னொரு சோதனையில், பன்றிகளின் இனப்பெருக்கத்தையும் சுவாசத்தையும் கெடுக்கும் பிஆர்ஆர்எஸ் வைரஸைச் செலுத்தினார்கள். அங்கேயும் சேர்க்கை பெற்றவற்றுக்குக் காய்ச்சலும் டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருள்களும் குறைவாகவே இருந்தன.

10 மில்லிகிராமில் கிருமி சாகாது. ஆக நடந்தது கிருமிநாசினி வேலை இல்லை, குட்டியின் பதில்வினையை அளவோடு நிறுத்திய வேலை. முதலில் சொன்ன எரிச்சல் கணக்கோடு இது பொருந்துகிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும் என்பது பழைய குறை. குடல் சுவரில்தான் அதற்கு வேலை என்றால் அந்தக் குறை பெரிதாக உறுத்தாது.

பூண்டைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. அல்லிசின் என்பது பூண்டில் ஆயத்தமாக இருப்பதில்லை. பல்லை நசுக்கும்போது அல்லின் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் சந்தித்தால்தான் உருவாகும், உருவானதும் சீக்கிரமே சிதையும். சூடு பட்டால் நொதி சாகும், இரைப்பை அமிலத்திலும் செயலிழக்கும். ஆகவே வேகவைத்த தீவனத்தில் கலந்த பூண்டுப் பொடியால் 'அல்லிசின் பலன்' என்று ஒருவர் சொன்னால் எப்படி என்று கேளுங்கள். அளவு கூடினால் வாடையே குட்டியைத் தள்ளிவைத்துவிடும்.

டானின்

டானின் என்றாலே சோளத்தில் இருந்துகொண்டு புரதச் செரிமானத்தைக் கெடுக்கும் வில்லன் என்றுதான் தீவனம் படித்தவர்களுக்கு ஞாபகம் வரும். அது திரண்ட வகை டானின். செஸ்நட் மரத்திலிருந்து எடுக்கும் நீரில் பிளவுறும் வகை வேறு மாதிரி நடந்துகொள்கிறது. கிருமியின் ஒட்டும் இழைகளோடும் நச்சோடும் ஒட்டிக்கொண்டு, அவை குடல் சுவரைத் தொடுமுன்பே மடக்கிவிடுகிறது. சுவிட்சர்லாந்தில் எஃப்4 ஈ-கோலை கொடுத்த குட்டிகளில், தீவனத்தில் 2 சதவீதம் செஸ்நட் சாறு சேர்த்தபோது கழிச்சல் தெளிவாகக் குறைந்தது, எடை பாதிக்கவும் இல்லை. பன்றியின் உமிழ்நீரில் டானினைப் பிடித்துக்கொள்ளும் புரோலின் மிகுந்த புரதங்கள் இருப்பது இதற்கு உதவியாக இருக்கும்.

எனக்கு டானினில் பிடித்த விஷயம், அது என்ன செய்கிறது என்பது தெளிவு, எங்கே செய்கிறது என்பதும் தெளிவு. சூட்டிலும் எண்ணெய் மாதிரிப் பறந்துவிடாது. பிடிக்காதது, இரும்பையும் கட்டிப்போடும். இரும்பு ஊசி ஒழுங்காகப் போடாத குட்டிகளுக்கு டானினைக் கொடுத்தால் வெளிறிப்போன குட்டிகளைத்தான் பார்க்கவேண்டியிருக்கும். 2 சதவீதம் என்பது டன்னுக்கு 20 கிலோ, சின்ன அளவு இல்லை. செலவிலும் கலவைக் கணக்கிலும் அது இடிக்கும். முதல் இரண்டு வாரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தூண்டும் வகை

எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டிவிடும் என்று விற்கப்படுபவை இவை: எக்கினேசியா மூலிகை, அஸ்ட்ராகலஸ் வேர், குயில்லாஜா மரத்தின் சபோனின், பழுப்புக் கடற்பாசியின் லாமினாரின். (கடற்பாசி கறாராகச் சொன்னால் தாவரம் இல்லை, இருந்தாலும் விற்பது இதே அலமாரியில்தான்.) எக்கினேசியா கொடுத்த பன்றிகளில் எரிசிபெலஸ் என்ற பன்றித் தோல் நோய்க்கான தடுப்பூசிக்குப் பின் எதிர்ப்பொருள் கூடியதாகப் பதிவு உண்டு, குட்டிகளின் எடையில் வேறுபாடு தெரியவில்லை. தடுப்பூசிக்கு முன்னும் பின்னும் சில நாள் என்றால் யோசிக்கலாம். மாதக்கணக்கில் தொடர்ந்து தூண்டிக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. லாமினாரின் மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. அயர்லாந்தில் தாய்ப்பன்றியிலும் குட்டியிலும் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள், குடல் ஆரோக்கியத்தில் பலன் தெரிகிறது.

காய்ந்த இலையை அப்படியே அரைத்துப் போடுவது இன்னொரு வழி. மலிவு. ஆனால் வேலை செய்யும் பொருள் எவ்வளவு உள்ளே போகிறது என்று யாருக்கும் தெரியாது, நார் கூடும், ஈரம் தங்கினால் பூஞ்சணமும் சேரும். பூஞ்சண நச்சு எதிர்ப்பு மண்டலத்தையே அடக்கிவிடும் என்பதால், சக்தி கூட்டப் போட்ட இலை சக்தியைக் குறைத்துவிடும்.

தாவரம் அல்லாத போட்டியாளர்கள்

நேர்மையான ஒப்பீடு என்றால் இவர்களையும் மேசையில் வைக்கவேண்டும். முதலில், எதையும் சேர்க்காமல் ஒன்றைக் குறைக்கும் வழி. பிரித்த குட்டித் தீவனத்தில் புரதத்தை 21, 22 சதவீதத்திலிருந்து 17, 18-க்கு இறக்கி, லைசின், மெத்தியோனின், திரியோனின், டிரிப்டோபான் ஆகிய அமினோ அமிலங்களைத் தனியாகச் சேர்த்தால், பெருங்குடலில் புளிக்கப் புரதமே மிஞ்சாது. கழிச்சலைக் குறைப்பதில் இதன் ஆதாரம் பெரும்பாலான மூலிகைகளைவிட உறுதி. இதைச் செய்யாமல் 22 சதவீதப் புரதத்தின் மேல் ஆரிகனோவைத் தூவுவது ஓட்டை வாளியில் தண்ணீர் இறைக்கிற வேலை.

அடுத்து கரிம அமிலங்கள். ஃபார்மிக், லாக்டிக், பென்சாயிக். ஐரோப்பிய ஒன்றியத்தில் பிரித்த குட்டிக்கு 0.5 சதவீதம் பென்சாயிக் அமிலம் அனுமதிக்கப்பட்ட அளவு. அமிலம் செரிமானப் பாதையின் முன்பகுதியில் வேலை செய்யும், பூச்சு போட்ட எண்ணெய் பின்பகுதியில் வேலை செய்யும், அதனால் இரண்டும் சேர்ந்தே பல கலவைகளில் வருகின்றன. இது விற்பனைத் தந்திரம் இல்லை, நியாயமான சேர்மானம். ப்ரோபயாடிக்கை (நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்கள்) பொறுத்தவரை, கிருமிநாசினித் தன்மை கொண்ட எண்ணெயோடு ஒரே தீவனத்தில் போடுவதற்கு முன் இரண்டும் ஒத்துப்போகுமா என்று விற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தாய்ப்பன்றிக்குக் கொடுப்பது

இந்த வழியைப் பலர் யோசிப்பதே இல்லை, எனக்கு இதுதான் ஆகப் புத்திசாலித்தனமாகப் படுகிறது. சினையின் கடைசி வாரங்களிலும் பால் கொடுக்கும் காலத்திலும் தாயின் தீவனத்தில் சோம்பு வாசனை சேர்த்தால், அது பனிக்குட நீரிலும் பாலிலும் குட்டிக்குப் போய்ச் சேர்கிறது. அதே வாசனை பிரித்த பின் தீவனத்தில் இருந்தால் குட்டி அதை அந்நியமாகப் பார்ப்பதில்லை, சீக்கிரம் சாப்பிடத் தொடங்குகிறது. சோதனைகளில் இது காட்டப்பட்டிருக்கிறது. முதல் இரண்டு நாள் பட்டினிதான் குடல் சுவர் சிதைவதற்கு ஆரம்பம் என்று பார்த்தோம். அந்தப் பட்டினியைக் குறைத்தால் எதிர்ப்பு மண்டலத்துக்கு வேலையே பாதியாகிவிடும். கிருமியைத் தொடாமல் கிடைக்கும் பலன் இது. அதோடு பால் கொடுக்கும் காலத்தில் தாய் நன்றாகத் தீவனம் எடுத்தால் பாலும் கூடும். ஆனால் பிறந்த குட்டி சீம்பால் குடிக்காமல் குளிரில் கிடக்கும் கொட்டிலில் சோம்பு எதையும் சரிசெய்யாது.

சரி, எதை எடுப்பது?

பிரித்த முதல் பத்து நாளில் தண்ணீராகக் கழிகிறது, பரிசோதனையில் ஈ-கோலை என்று வந்துவிட்டது என்றால்: புரதத்தைக் குறைத்து, அமிலம் சேர்த்து, அதற்கு மேல் செஸ்நட் டானின் அல்லது பூச்சு போட்ட எண்ணெய், இரண்டில் ஒன்று. இரும்பு ஊசி ஒழுங்காகப் போகிறது என்றால் என் ஓட்டு டானினுக்கு. கழிச்சல் பெரிதாக இல்லை, ஆனால் குட்டிகள் சாப்பிடாமல் சோர்ந்து நிற்கின்றன என்றால் தாய் வழி வாசனை. இருமல், விட்டுவிட்டு வரும் காய்ச்சல், பிஆர்ஆர்எஸ் சுற்றிக்கொண்டிருக்கும் மந்தை என்றால் மிளகாய், மஞ்சள் ஓலியோரெசின். அங்கே டானினுக்கு வேலை இல்லை. வளர்ந்த பன்றி, கொட்டில் சுத்தம், தீவன மாற்று விகிதமும் திருப்தி என்றால் எதுவுமே வேண்டாம். ஆரோக்கியமான மந்தையில் இந்தச் சேர்க்கைகளின் பலன் பெரும்பாலும் அளவுகோலுக்கே எட்டாது. சுத்தமான ஆராய்ச்சிப் பண்ணைகளில் பல சோதனைகள் 'வேறுபாடு இல்லை' என்று முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கும், அதிலிருந்து வேறான சாதாரண (கிளாசிக்கல்) பன்றிக் காய்ச்சலுக்கும் எந்த இலையும் எந்த எண்ணெயும் தடுப்பு ஆகாது. அப்படிச் சொல்லி விற்பவரைக் கொட்டிலுக்குள் விடாமல் இருப்பதே நல்லது, நாலு பண்ணை மிதித்த காலணியோடு வந்திருப்பார்.

வாங்கியதைப் பண்ணையிலேயே சோதித்துப் பார்க்கலாம். 'போன மாதம் போடவில்லை, இந்த மாதம் போட்டேன், நின்றுவிட்டது' என்பது சோதனை ஆகாது. கழிச்சல் உச்சத்தில் இருக்கும்போதுதான் எல்லாரும் புதுப் பொருளுக்கு ஓடுகிறார்கள். உச்சத்துக்குப் பிறகு அது தானாகவே இறங்கும், பேர் மட்டும் பொருளுக்குப் போகும். ஒரே நாளில் பிரித்த குட்டிகளை, ஒவ்வொரு ஈற்றிலும் பாதிப் பாதியாக, பட்டிகளாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒரு பட்டிக்கு மட்டும் சேர்க்கை கொடுக்கவேண்டும். ஈற்றைப் பிரிப்பது ஏன் முக்கியம் என்றால், எஃப்4 ஒட்டுவதற்கான ஏற்பி சில குட்டிகளின் குடலில் பிறவியிலேயே கிடையாது, அது பரம்பரையாக வருவது. ஏற்பி இல்லாத ஒரு ஈற்று மொத்தமும் சேர்க்கைப் பட்டியில் விழுந்துவிட்டால் தவிட்டைக் கொடுத்திருந்தாலும் ஜெயித்திருக்கும். கணக்கெடுக்கும்போது குட்டியை எண்ணாமல் பட்டியை எண்ணவேண்டும், ஒரு பட்டிக்குள் கழிச்சல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். பிரித்த நாளிலும் 14-ஆம் நாளிலும் எடை, தினமும் காலையில் பட்டி பட்டியாகச் சாணத்தின் பதம், ஊசி போட்ட குட்டிகளின் எண்ணிக்கை, இவ்வளவு போதும். எந்தப் பட்டிக்கு எது போகிறது என்று சாணத்தைப் பார்த்து எழுதுபவருக்குத் தெரியாமல் வைத்தால் இன்னும் நல்லது. இரண்டு மூன்று தொகுதி இப்படிப் பார்த்தும் பட்டிகளுக்குள் வேறுபாடு தெரியவில்லை என்றால் அந்தப் பையை நிறுத்திவிட்டு, அந்தச் செலவில் தண்ணீர்க் குழாய்களைக் கூட்டி, குட்டி படுக்கும் இடத்தைக் கதகதப்பாக்கி, அதற்கு அடுத்த தொகுதியில் அதே எடையை மறுபடி எடுத்துப் பார்க்கலாம்.